முப்பத்தெட்டுப் பெயர்கள்

முதல் சொட்டு எரிந்தது. இரண்டாவது எரியவில்லை. மூன்றாவதற்குப் பிறகு எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரம் பொரிக்காத அப்பளமாகிவிட்டது. முள் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, பதினொன்றரை இருக்கலாம், அங்கே ஏழு மணி, மகள் அங்கயற்கண்ணி எழுந்திருப்பாள், எழுந்திருப்பாள் என்ன, தூங்கியிருந்தால்தானே எழுந்திருக்க, ஆறு நாள் குழந்தையை வைத்துக்கொண்டு யார் தூங்குகிறார்கள். "கண்மணி இன்னும் விரியல சார், மூடிட்டு உக்காருங்க, தொடைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள், அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும் தெளிவாக இருந்தது. கண்மணி என்றால் கண்ணில் இருக்கும் ஓட்டை. ஓட்டையின் பெயரைத்தான் இத்தனை பெண்களுக்கு ஆசையாக வைத்திருக்கிறோம், நானே என் குழந்தைப் பெயர்ப் புத்தகத்தின் நான்கு பதிப்புகளில் "அன்புக்குரியவள்" என்று அர்த்தம் போட்டிருக்கிறேன், ஒருவரும் கேட்டதில்லை. பெயர்ப் புத்தகத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை, அதுதான் அதன் பலம், பஞ்சாங்கத்துக்குக்கூட எதிர்ப்பஞ்சாங்கம் உண்டு. சட்டைப் பையில் போன் இரண்டு தரம் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன், வெளிச்சமாக ஒரு சதுரம், அதற்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ, அவ்வளவுதான். அவளாகத்தான் இருக்கும். இன்று ஆறாம் நாள். நாளை மறுநாள் காலை மேற்கு ஆப்பிரிக்காவில், இபாதானில், மாப்பிள்ளை டெலேயின் வீட்டு முற்றத்தில் குழந்தைக்குப் பெயர் வைப்பார்கள், தேனும் உப்பும் தண்ணீரும் நாக்கில் தொட்டு வைத்து, பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்லி. தாய்வழித் தாத்தா சொல்லும் பெயருக்குத் தனி மரியாதை. தாய்வழித் தாத்தா நான். நீங்கள் எழுதிய புத்தகத்திலிருந்து ஒரு பெயர் எடுத்து அனுப்புகிறேன், சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று நேற்றே சொல்லியிருந்தாள். அதைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அவளிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று வருடமாகச் சொல்லியாக வேண்டும்.

பெயர்கள் ஐந்நூறு என்று புத்தக அட்டையில் அடித்தாகிவிட்டது. எல்லாம் அங்கே தொடங்கியது. பதிப்பாளர் செங்கல்வராயன் எப்போதும் அட்டையை முதலில் அடித்துவிடுவார், உள்ளே என்ன என்பது பிறகு, அட்டை இருந்தால்தான் கடைக்காரன் ஆர்டர் கொடுப்பான் என்பது அவருடைய பதிப்புத் தத்துவம். "சார், இந்த அகிலா அனிதாவெல்லாம் போதும், சனங்க புதுசா கேக்குது. அக்கம்பக்கத்துல யாரும் வெச்சிருக்கக் கூடாது, நியூமராலஜிக்கு ஒத்து வரணும், வாயில நுழையணும். ஆப்பிரிக்காவுல நல்ல நல்ல பேரா இருக்காம், எறக்குங்க" என்றார். ஆப்பிரிக்கப் பெயர் என்பது ஆசியப் பெயர் என்பது மாதிரி, முருகேசனையும் ஜப்பான்காரனையும் ஒரே பட்டியலில் போடுவதற்குச் சமம், அங்கே ஐம்பது நாடுகளுக்கு மேல், மொழிகள் ஆயிரத்துக்கு மேல் என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். "அதான் சார், ஆயிரம் மொழி இருக்குல்ல, ஐந்நூறு பேரு கெடைக்காதா" என்றார். நூலகத்தில் ஒரே ஒரு ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது, கரையான் அரித்தது, அதில் தேறியது நானூற்று அறுபத்திரண்டு. எந்த மொழி என்று குறிக்காமல் அகர வரிசையில் அடுக்கினேன். குறிக்காமல் என்பதை என் மனசாட்சி அப்போது ஒரு பிழையாகக் கருதவில்லை, இடம் போதாமை என்று கருதியது. முப்பத்தெட்டு குறைந்தது. அச்சகத்தில் பக்கங்கள் அச்சேறக் காத்திருந்தன. என் மனைவி குஞ்சிதம் அன்று எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்திருந்தாள், டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் உட்கார்ந்தேன், ஒன்றரை மணி நேரத்தில் முப்பத்தெட்டு பெயர்களும் முப்பத்தெட்டு அர்த்தங்களும் எழுதிக் கொடுத்தேன். சந்தோஷமாக எழுதினேன் என்பதையும் சொல்ல வேண்டும். நானூற்று அறுபத்திரண்டைப் பெயர்த்து எழுதியதில் கிடைக்காத சந்தோஷம் அந்த முப்பத்தெட்டில் கிடைத்தது. எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது, யாரும் என்னைக் கவிஞன் என்று சொன்னதில்லை. யெலூமி, மழை விட்டபின் வரும் வெளிச்சம். எலுமிச்சையிலிருந்து யெலூமி. டப்பாவைப் பார்த்துக்கொண்டே வைத்த பெயர். வேர்க்கடலை நிறைய போட்டிருந்தாள்.

"சார், தலைய சாய்ங்க." நான்காவது சொட்டு. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கப் போனேன். "தொடைக்காதீங்கன்னேன்ல" என்றாள் சிஸ்டர். பக்கத்து நாற்காலியிலிருந்த அம்மாள், உள்ளே புருஷனுக்கு ஆபரேஷன் நடக்கிறது, காலையிலிருந்து பேச ஆள் கிடைக்காமல் தவிக்கிறவள், நவநீதம் என்று பெயர், வாலாஜாபேட்டை, "என் வூட்டுக்காரரும் இப்டித்தான் சார், செய்யாதன்னா அதைத்தான் செய்வாரு" என்றாள். சரி என்றேன். பெயரைக் கேட்டவுடன் அர்த்தம் நினைவுக்கு வருவது எனக்கு ஒரு வியாதி, நவநீதம் என்றால் வெண்ணெய், அவள் குரலில் வெண்ணெய் இல்லை. கண்ணை மூடினால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மிதக்கிறது. அங்கயற்கண்ணியின் முதல் குழந்தையை நான் இப்படித்தான் பார்த்தேன், போன் திரையில், வெளிச்சத்துக்கு எதிராக, மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு துணிப் பொட்டலம், அதற்குள் ஒரு நெற்றி. மூன்று வருடம் முன்னால். அங்கயற்கண்ணி யாரிடமும் சொல்லாமல் என் புத்தகத்தை எடுத்துப் போயிருந்திருக்கிறாள். கோயம்புத்தூரில் மருந்தியல் படிக்கும்போது உடன் படித்த டெலேயைக் கட்டிக்கொண்டு போகையில், இரண்டு பட்டுப் புடவை, ஒரு தோசைக்கல், அப்பா எழுதிய ஆப்பிரிக்கக் குழந்தைப் பெயர்கள் ஐந்நூறு. எட்டாம் நாள் எல்லோருக்கும் முன்னால் அவள் எழுந்து நின்று யெலூமி என்று சொன்னாள், எங்கள் அப்பா புத்தகத்தில் இருப்பது என்று சொன்னாள். நான் சென்னையில் சாப்பாட்டு மேசையில் போனைச் சொம்பில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெலேயின் அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்து, பெரிய தலைக்கட்டு, பெரிய சிரிப்பு, உங்கள் மொழியில் எவ்வளவு அழகான பெயர்கள் இருக்கின்றன என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் அதைத் தமிழ் என்று நினைத்துக்கொண்டார்கள். இவள் அதை அவர்கள் பக்கத்து ஏதோ மொழி என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு குடும்பமும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருந்தது, நடுவில் ஒரு எலுமிச்சை சாதம். நான் கை கூப்பினேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம், சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம், எல்லோரும் சிரித்திருப்பார்கள், வேறு ஒன்று வைத்திருப்பார்கள். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பதினோராம் நாள் விடிகாலை குழந்தை போய்விட்டது. மூச்சு என்றார்கள், நுரையீரல் என்றார்கள். கல்லறையில் ஒரு சின்னக் கல், அதில் ஆங்கில எழுத்தில் அந்தப் பெயர், டெலே படம் அனுப்பினான். அந்தக் கல்லின் எழுத்தை நான் மெய்ப்புப் பார்த்தேன் என்றால் யார் நம்புவார்கள். பழக்கதோஷம். பிழையில்லை. இல்லாத பெயரில் எப்படிப் பிழை இருக்கும்.

அதன் பிறகுதான் உண்மையாகவே படித்தேன். முப்பது வருடம் தாமதமாக, ஒரு பாவமன்னிப்பு மாதிரி, கண்ணில் புரை விழுந்ததே அதனால்தான் என்று குஞ்சிதம் சொல்லுவாள். கானாவில் அக்கான் மக்களிடம் பிறந்த கிழமையே பெயர், வெள்ளிக்கிழமை பிறந்த பையன் கோஃபி, பெண் அஃபுவா, பெற்றவர்களுக்கு வேலை மிச்சம். டெலேயின் யொருபா மக்களிடம் பெயர் என்பது ஒரு முழு வாக்கியம், அயோடெலே என்றால் மகிழ்ச்சி வீட்டுக்கு வந்தது, மாப்பிள்ளையை நான் வெறும் மகிழ்ச்சியில்லாத டெலே என்றே கூப்பிட்டு வந்திருக்கிறேன். குழந்தை தங்காமல் போகிற வீட்டில் அடுத்த குழந்தைக்கு என்று அவர்களிடம் தனிப் பெயர்கள் இருந்தன. மலோமோ, இனிமேல் போகாதே. கோசோகோ, மண்வெட்டி இல்லை. குழி வெட்ட எங்களிடம் மண்வெட்டி இல்லை, ஆகையால் நீ இருந்துதான் ஆக வேண்டும் என்று குழந்தையிடமே சொல்வது. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெராந்தாவில் போய் நின்றேன். நம்மிடம் இல்லையா என்ன, குப்பையில் போட்டு எடுத்த குப்பம்மாள், பிச்சையெடுத்து வளர்த்த பிச்சை. எனக்கு முன்னால் இரண்டு போய்விட்டதால் என்னைப் பக்கத்து வீட்டுக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்று, அன்று சாயங்காலமே வாங்கிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் தெய்வசிகாமணி, வீட்டில் தவிடு. நல்ல பெயர் வைத்தால் எமனுக்குக் காது கேட்டுவிடும், தவிட்டை யார் வந்து கேட்கப் போகிறார்கள். அறுபத்தேழு வயது வரை ஒருவரும் வந்து கேட்கவில்லை. மலோமோவும் தவிடும் ஒரே பயத்தின் இரண்டு பெயர்கள், அந்தப் பயத்துக்கு ஆயிரம் வருடம் வயது இருக்கும், ஆயிரம் பேர் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பெயர்கள் அவை. என்னுடைய யெலூமியை அதற்கு முன்னால் யார் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் இல்லை. ஒருவரும் சொல்லாத பெயரைப் போர்த்தித்தான் அந்தக் குழந்தையை அனுப்பினேன், துணியே இல்லாமல் அனுப்பின மாதிரி. இது மூடநம்பிக்கை, எனக்குத் தெரியும், பெயரால் நுரையீரல் கெடாது. தெரிந்தது எதுவும் உதவுவதில்லை. இரண்டு வருடம் அங்கை அழவில்லை என்று டெலே சொன்னான், வேலைக்குப் போனாள், வந்தாள், குழந்தையின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள் என்றான். அவளிடம் மிச்சமிருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். அதைப் போய் எப்படி வாங்குவது.

போன் மறுபடி அதிர்ந்தது. நவநீதத்திடம் நீட்டினேன். "கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா, எனக்கு ஒண்ணும் தெரியலை." "குடுங்க சார், இதுக்கின்னா" என்று வாங்கிக்கொண்டாள், மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டாள் என்று அந்த நிழலிலிருந்து தெரிந்தது. "ஒரு பொஸ்தகத்துப் பக்கம் சார். மேல நூத்தி நாப்பத்தி மூணுன்னு போட்ருக்குது. ஒரு பேர சுத்தி வட்டம் போட்ருக்காங்க, செவப்பு பேனால." "என்ன பேர்?" "கெ... கெயூனா. இன்னா பேரு சார் இது, சாமி பேரும் இல்ல, சினிமா பேரும் இல்ல." பக்கம் நூற்று நாற்பத்து மூன்று எனக்கு மனப்பாடம், அந்தப் பக்கத்தில் நான்கு பெயர் என்னுடையது. இதை எதிலிருந்து எடுத்தேன் என்று மட்டும் நினைவில்லை, சாப்பிட்டு முடித்த பிறகு எழுதியதாக இருக்க வேண்டும். "பக்கத்துல அர்த்தம் போட்ருக்குமே" என்றேன், கேட்காமல் இருந்திருக்கலாம். "வந்த வழியை மறந்தவள்" என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள் நவநீதம். "கீழ எழுதியிருக்குது சார், அப்பா, இது சரியா, பாத்துட்டுக் கூப்பிடுங்கன்னு. உங்க பொண்ணா?" "ஆமாம்." "பேத்திக்குப் பேரா?" "ஆமாம்." "மொதல்ல ஒண்ணு தவறிப்போச்சா?" எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வந்த வழிய மறந்துட்டா திரும்பிப் போவாதுல்ல சார். இல்லன்னா இப்டி ஒரு அர்த்தத்த யாரு தேடி எடுப்பாங்க." முப்பத்து நான்கு வயதில் நான் இதை எதற்கு எழுதினேன், அழகாக இருக்கிறது என்று எழுதினேன், குழந்தைகள் எங்கிருந்தோ வருகிறார்கள், வந்த இடம் மறந்துபோகிறது, நல்ல கற்பனை என்று எனக்கே தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன். யார் கதவில் போய் எது தட்டும் என்று எழுதும்போது யோசிப்பதில்லை. பேசாமல் சரி என்று சொல்லிவிடலாம். அழகான பெயர், அவளே தேர்ந்தெடுத்தது, டெலேயின் அம்மா தமிழ் என்று நினைத்துக்கொள்வார், எல்லாம் போன தடவை மாதிரியே நடக்கும். எல்லாம் போன தடவை மாதிரியே. "கூப்பிட்டுக் குடுங்கம்மா" என்றேன். "எந்தப் பேரு சார்?" "அங்கை." "அங்கயா? அது எங்க?" "பொண்ணு பேரும்மா."

மணி அடித்தது, கடல் கடந்து அடிக்கிற மணிக்கு ஒரு தாமதம் உண்டு, அந்தத் தாமதத்தில் போனைக் கீழே வைத்துவிடலாமா என்று இரண்டு தரம் யோசித்தேன். "பாத்தீங்களாப்பா?" களைத்த குரல், ஆனால் அடியில் ஒரு துள்ளல், அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. "பார்க்கலைம்மா, கண்ணுல மருந்து விட்டிருக்காங்க, ஒரு அம்மா படிச்சுச் சொன்னாங்க." பின்னால், பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்த குஞ்சிதத்தின் குரல் வந்தது, "யாரு, அவரா? கண்ணு என்னாச்சுன்னு கேளு, தொடைச்சிருப்பாரு." "நல்லா இருக்காப்பா? எனக்கு அந்த அர்த்தம்தான். அக்கா பேர் இருக்கற அதே புஸ்தகம், வரிசையா இருக்கட்டும்னு." அக்கா என்றாள். இரண்டு பேருக்கும் இடையில் மூன்று வருடம், அக்கா பதினொரு நாள். "அங்கை, அந்தப் பேரு நான் எழுதினது" என்றேன். "நீங்க எழுதின புஸ்தகம்தானே." "அது இல்லைம்மா. பேரையே நான்தான் எழுதினேன். கெயூனான்னு எங்கேயும் ஒரு பேர் கிடையாது. எந்த நாட்டுலயும், எந்த மொழியிலயும். ஐந்நூறுன்னு அட்டை அடிச்சுட்டாங்க, முப்பத்தெட்டு குறைஞ்சுது, நானா எழுதிக் குடுத்தேன். அர்த்தமும் நான் எழுதினதுதான்." எவ்வளவு சுருக்கமாக இருந்தது. மூன்று வருடம் இதற்கு முகவுரை எழுதிக்கொண்டிருந்தேன். இணைப்புப் போய்விட்டதோ என்று, போயிருந்தால் நல்லது என்று. "யெலூமி?" என்றாள். "அதுவும்தான்." எலுமிச்சை சாதத்தைச் சொல்லவில்லை. அது என்னோடு போகட்டும்.

எங்கேயோ ஒரு கதவு சாத்துகிற சத்தம், அவள் வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும். "ஏன் அன்னைக்கே சொல்லலை?" "பயம்." "பெரிய புலவர்" என்றாள், அவளுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும், சின்ன வயதிலிருந்து அப்படி. "இங்க டெலே அம்மா வருஷா வருஷம் அந்த நாள்ல அந்தப் பேரைச் சொல்லித்தான் சர்ச்சுல ஜெபம் பண்றாங்க, தமிழ்ல எப்படி உச்சரிக்கணும்னு என்கிட்ட கேட்டுக்கிட்டு. தமிழ் இல்ல அத்தைன்னு சொல்ல எனக்கு மனசு வரலை, அவங்க சந்தோஷத்தை ஏன் கெடுக்கணும்னு. நீங்க என்கிட்ட செஞ்சதைத்தான் நான் அவங்ககிட்ட செஞ்சிருக்கேன், இல்ல?" நான் ம் என்றேன். பெயர் என்றால் என்ன என்பதற்கு எனக்கு ஆறு விளக்கம் தெரியும், பொருளைக் குறிப்பது, மரபு வழி வருவது, சமூகம் ஏற்றுக்கொண்டது, ஒவ்வொன்றாக மனதில் எடுத்துப் பார்த்தேன், எதுவும் அவளிடம் சொல்கிற மாதிரி இல்லை. அவள்தான் பேசினாள். "ஏழு நாள் பாப்பா பாப்பான்னுதான் கூப்பிட்டேன். எட்டாம் நாளிலேர்ந்து யெலூமின்னேன். மூணு நாள். கூப்பிட்டா திரும்புவாப்பா. பத்தாம் நாள் ட்யூபெல்லாம் வெச்சு, மூக்குலயும் கையிலயும், தலையை அசைக்க முடியாது, அப்பவும் கூப்பிட்டேன், கண்ணு இந்தப் பக்கம் வந்துச்சு. நர்ஸ்கூடப் பாத்தா. அப்படி ஒரு பேர் எங்கேயும் கிடையாதுங்கறீங்க. அப்ப அவ எதுக்குத் திரும்பினா?" "எனக்குத் தெரியலைம்மா" என்று சொன்னேன். இப்படி நான் அவளிடம் எப்போதும் சொன்னதில்லை என்று சொல்லி முடித்த பிறகு தோன்றியது, எதைக் கேட்டாலும் ஏதாவது ஒரு பதில் வைத்திருப்பேன்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க. டெலேகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள் கடைசியில். சரி என்றேன். இந்தக் குழந்தைக்கு நல்லதாக, உண்மையானதாக, அவர்கள் பக்கத்திலேயே வழங்குகிற ஒன்றாக இன்று சாயங்காலத்துக்குள் பத்து பெயர் தேடி அனுப்புகிறேன், ஒவ்வொன்றுக்கும் மொழி, பொருள், எந்தச் சூழலில் வைப்பார்கள் எல்லாம் எழுதி, என்று சொல்ல ஆரம்பித்தேன். "அதெல்லாம் அவங்க வெப்பாங்க, ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க" என்றாள். "வட்டம் போட்டது போட்டதுதான். இதையும் கூப்பிட்டுப் பாக்கறேன்." போனை எங்கேயோ வைத்தாள், மரத்தில் வைத்த சத்தம். நடந்தாள். தூரத்தில், எனக்காக இல்லாத குரலில், கெயூனா என்றாள், நான் எழுதியபோது இல்லாத ஒரு நீட்டல் அதில் இருந்தது. இன்னொரு தரம் சொன்னாள். கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், எல்லாம் வெள்ளையாக இருந்தது. "சார், யாரு, இன்னா சொல்றாங்க" என்று நவநீதம் தோளைத் தொட்டாள், இருங்கள் என்று கையைக் காட்டினேன். அங்கை திரும்பி வந்து போனை எடுத்தாள். "என்னம்மா?" என்றேன். "தூங்கறா." மூச்சு சீராக இருக்கிறதா, பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாயா என்றெல்லாம் வாய் வரை வந்தது. "சரி, எழுந்ததும் கூப்பிட்டுப் பார்" என்றேன்.